பேட்ஜ் பச்சையாகத்தான் இருந்தது

ஓப்பன் சோர்ஸ் திட்டம் நடத்துகிறவர்கள், அதிலும் கையில் காசில்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறவர்கள், உங்கள் சிஐ (டெஸ்டுகளைத் தானாக ஓட்டிப் பார்க்கிற சேவை, கீழே சொல்கிறேன்) கணக்கைத் திறந்து கடைசியாக டெஸ்ட் எந்தத் தேதியில் ஓடியது என்று இப்போதே பாருங்கள். டெஸ்ட் பாஸா என்று பச்சை, சிவப்பில் காட்டுகிற பேட்ஜைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் விட்டது 23 நாள். அதற்குள் தங்கச்சிமடத்தில் என் சித்தப்பா படகில் வேலை பார்க்கிற நாலு பேர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

மென்பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். படகுக் கணக்கு. கடலுக்குப் போய் வந்ததும் மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியில் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அதுதான் பங்கு. பிரிக்கிற முறை படகுக்குப் படகு மாறும். நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததைப் போனுக்குக் கொண்டுவரலாம் என்று நானும் மூன்று நண்பர்களும் ஒரு செயலி எழுதினோம். கணக்குப் பகுதி பைதான். கோடு, அதாவது அதன் நிரல், எல்லாருக்கும் திறந்தது; யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் ஊர் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சித்தப்பா படகில் ஒரு வழக்கம் உண்டு. பிரிக்கும்போது அரை ரூபாய் வந்தால் அது ஆளுக்கு. சம்மாட்டி, அதாவது படகுக்காரர், தன் கையிலிருந்து சேர்த்து முழு ரூபாயாகக் கொடுத்துவிடுவார். ஆள் பங்கு ரூ.6,250, நாலு பேர் என்றால் தலைக்கு 1,562.50 வரும், அவர் 1,563 கொடுப்பார். சின்ன விஷயம்தான். ஆனால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதனால் நாங்கள் எழுதிய முதல் டெஸ்டே இந்த அரை ரூபாய்க்குத்தான்.

சிஐ என்றால் தெரியாதவர்களுக்கு: கோடில் யார் ஒரு வரியை மாற்றினாலும், எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் அதை எடுத்து, நாம் எழுதிவைத்த டெஸ்டுகளையெல்லாம் ஓட்டிப் பார்த்து, பச்சை அல்லது சிவப்பு என்று சொல்லும். எங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தந்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். முகப்பிலேயே பெரிய எழுத்தில் ‘ஓப்பன் சோர்ஸுக்கு எப்போதும் இலவசம்’. பெயரை எழுதவில்லை. வழக்கு வம்புக்கெல்லாம் என்னிடம் தெம்பு கிடையாது.

முதல் இரண்டு வருடம் பெரிய குறை சொல்ல முடியாது. சில்லறைத் தொல்லைகள் இருந்தன. சிஐ என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிற யாமெல் கோப்பில் ஒரு இடைவெளி தள்ளிப்போனால் எதுவுமே ஓடாது. சரியாயிற்றா என்று நம் கம்ப்யூட்டரில் பார்க்கவும் வழி இல்லை, கமிட் போட்டு (மாற்றத்தைப் பதிந்து) அனுப்பித்தான் பார்க்க வேண்டும். எங்கள் கமிட் வரலாற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ‘சிஐ சரி’, ‘சிஐ இப்ப சரி’, ‘நிஜமாவே சரி’, ‘மாதாவே’. டெஸ்ட் ஓடத் தேவையான மென்பொருள் பொதிகளை இறக்குகிற டாக்கர் ஹப் தளம் 2020 நவம்பரில், கணக்குத் தொடங்காமல் இறக்குகிறவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 தடவை என்று வரம்பு போட்டது. சிஐ இயந்திரத்தின் ஐபி முகவரியை ஊரே பங்கு போடுகிறதே, யாரோ இறக்கித் தீர்த்ததற்கு எங்கள் பில்டு (சிஐ ஒரு தடவை ஓடுவது) சிவப்பாகும். அந்த இயந்திரத்தின் கடிகாரம் யுடிசி (உலகப் பொது நேரம்) வேறு. நம்மை விட ஐந்தரை மணி நேரம் பின்னால். விடிகாலை நாலு மணிக்குக் கரைக்கு வந்த படகு அங்கே முந்தின நாள் கணக்கில் விழுந்தது. இதையெல்லாம் நாங்கள் ஏமாற்று என்று சொல்லவில்லை, பழகிக்கொண்டோம். பழகியதுதான் தப்பு. காரணமில்லாமல் வருகிற சிவப்பைப் பார்த்துப் பார்த்து ‘மறுபடி ஓட்டு’ பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற கை எங்களுக்கு வந்துவிட்டது.

பிறகு ‘எப்போதும் இலவசம்’ மாறியது. அறிவிப்பு மெயில் ஒன்றே ஒன்று, அதுவும் கணக்கைத் தொடங்கிய நண்பனுக்குப் போனது. அவன் குவைத்துக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த மெயிலைத் திறப்பதே இல்லை. இனி கிரெடிட் முறையாம். ஓடுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் கிரெடிட் கழியும். ஐபோன் செயலியை மேக் இயந்திரத்தில்தான் பில்டு செய்ய முடியும். அங்கே ஒரு நிமிடம் லினக்ஸ் நிமிடத்தைப் போலப் பல மடங்கு தின்னும். பில்டு தோற்றாலும் கழியும், அவர்கள் பக்கம் கோளாறாகி நின்றாலும் கழியும். மூன்று வாரத்தில் தீர்ந்துபோயிருக்கிறது.

தீர்ந்ததும் என்ன நடந்திருக்க வேண்டும்? சிவப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பில்டு தொடங்கவே இல்லை, தொடங்காத பில்டு தோற்பதும் இல்லை. பேட்ஜ் கடைசியாக ஓடிய பில்டின் முடிவைக் காட்டிக்கொண்டே இருந்தது. அது பச்சை. பிறர் அனுப்புகிற மாற்றம் வந்து நிற்கிற புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த மாற்றத்தை எங்கள் கோடில் சேர்க்கிற மெர்ஜ் பொத்தான் மட்டும் ‘வா, அமுக்கு’ என்று நின்றது. சிஐ பாஸ் ஆகாமல் மெர்ஜ் ஆகக்கூடாது என்று ரிப்போவில் (கோடு இருக்கிற களஞ்சியத்தில்) கட்டாயம் வைக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறவில்லை என்றால் கடல் அமைதி என்று எடுத்துக்கொள்கிறோம். கூண்டு ஏற்றுகிற ஆளே வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால்?

அந்த 23 நாளுக்குள் ஒரு தம்பி நல்ல மனசோடு ஒரு மாற்றம் அனுப்பினார். நாங்கள் டெசிமல் (பைதானின் தசமக் கணக்கு வசதி) வைத்துச் சுற்றி வளைத்து எழுதியிருந்த நாலு வரியை எடுத்துவிட்டு, பைதானின் ‘ரவுண்டு’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. மெர்ஜ் செய்தேன்.

பைதான் 3 இல் ரவுண்டு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி வேலை செய்யாது. சரியாக அரை வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 1,562.50 என்றால் 1,562. ஆனால் 1,563.50 என்றால் 1,564. ஒரே வழியாகக் குறைந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள். இது ஒருநாள் நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போகும், இன்னொரு நாள் தலைக்கு ஒரு ரூபாய் குறையும். பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? யாரோ ஆள் பார்த்து, நாள் பார்த்துக் கை வைக்கிற மாதிரி இருக்கும்.

அப்படித்தான் ஆனது. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். பத்துத் தடவை போய் வந்ததில் நாலு தடவை குறைந்திருக்கிறது. படகில் மூத்தவர் ஒருவர், எனக்கு மாமா முறை, போனை நம்பாமல் நோட்டிலும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். படகுத்துறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏன் மருமகனே, ஒங்க போனு அரை ரூவாயத் திங்குமா? இல்ல ஒங்க சித்தப்பன் திங்கச் சொன்னானா?” நான் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, “இல்ல மாமா, எல்லாம் டெஸ்ட் ஆகித்தான் வருது, இந்தா பாருங்க பச்சை” என்று காட்டினேன். அவர் பச்சையைப் பார்த்தார், பிறகு நோட்டைக் காட்டினார். வீட்டுக்கு வந்து டெஸ்டை என் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். முதல் டெஸ்டே விழுந்தது.

மொத்தம் விட்டுப்போனது ரூ.16. சித்தப்பா அதை எண்ணிக் கொடுத்தார். நாலு பேரும் வாங்கி டீ குடித்தார்கள். ஆனாலும் அந்த மூன்று வாரம் அவரைத் திருடனாக நினைத்த நினைப்புக்கு எந்தச் செயலியில் ரீபண்டு இருக்கிறது?

இனி காசு விஷயம். மறுபடி ஓட வைக்க வேண்டுமே என்று அந்த சிஐ நிறுவனத்துக்கு எழுதினேன். ஓப்பன் சோர்ஸ் என்றால் தனியாக விண்ணப்பித்தால் கிரெடிட் தருவோம் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. 11 நாள் கழித்துப் பதில்: உங்கள் திட்டம் லாப நோக்கில் இல்லை என்று நிரூபியுங்கள். நாலு ரூபாய் சண்டையை எப்படி நிரூபிப்பது? அதற்குள் அவசரம் என்று சோதனைக் காலத் திட்டத்தில் சேர்ந்தேன். கார்டு எண் ‘சரிபார்க்க மட்டும்’ என்றார்கள். 14 ஆம் நாள் நிறுத்தப் போனால் நிறுத்துகிற பொத்தான் என் கணக்கில் இல்லை. உரிமையாளர் கணக்கில்தான் தெரியுமாம், அது குவைத்தில் தூங்குகிற அந்தக் கணக்கு. ஆனால் கார்டைச் சேர்க்க மட்டும் என் கணக்கு போதுமாக இருந்தது, கவனியுங்கள். 30 டாலர் போனது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்து ரூ.2,700 சொச்சம். டெஸ்ட் ஓடாத நாட்களின் லாக்கை (ஓட்டப் பதிவை) ஆதாரமாக எடுக்கலாம் என்று போனால், அவற்றையும் காலம் முடிந்தது என்று அழித்துவிட்டிருந்தார்கள்.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. 2011 இல் வந்த டிராவிஸ் சிஐதான் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு இலவச சிஐயைப் பழக்கியது. 2019 ஜனவரியில் அதை ஐடெரா என்ற நிறுவனம் வாங்கியது, 2020 நவம்பரில் கிரெடிட் முறை வந்தது, 2021 ஜூன் 15 அன்று ஓப்பன் சோர்ஸுக்கென்றே இருந்த பழைய தளம் நின்றுபோனது. நான் மாட்டியது அங்கே அல்ல. ஆனால் அந்தக் கதை தெரிந்திருந்தும் ‘எப்போதும்’ என்ற சொல்லை நம்பினேன். நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இலவச இயந்திரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்ட ஒரு கூட்டமே கிளம்பியது. கோடு வைக்கிற தளமான கிட்ஹப்பும் 2021 ஏப்ரலில், புதிதாக வருகிறவர் அனுப்பினால் திட்டப் பொறுப்பாளர் அனுமதி கொடுத்த பிறகே சிஐ ஓடும் என்று மாற்றியது அதனால்தான். இலவசத்தை நிறுத்துங்கள், தப்பே இல்லை. நிறுத்தியதைச் சிவப்பில் காட்டுங்கள்.

இப்போது கிட்ஹப்பின் சொந்த சிஐயான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாறிவிட்டோம். பொது ரிப்போவுக்கு அதன் சாதாரண ரன்னர்கள் (டெஸ்ட் ஓட்டுகிற இயந்திரங்கள்) இலவசம். இந்தத் தடவை விதிகளை முழுக்கப் படித்தேன். அதில் ஒன்று: பொது ரிப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லை என்றால், நேரம் குறித்து ஓடுகிற வேலைகள் தானாக நிறுத்தப்படும். நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கட்டிக் கிடக்கும்போது நாங்களும் கோடில் கை வைப்பதில்லை. ஒரு நாள் வித்தியாசத்தில் தடை முடிகிற அன்று மறுபடி குருடாகியிருப்போம். மே முதல் வாரம் யாராவது ஒரு கமிட் போட வேண்டும் என்று காலண்டரில் எழுதிவைத்திருக்கிறோம்.

மற்றவர்கள் எழுதிய, சிஐயில் சேர்த்துக்கொள்கிற துணுக்குகளான ஆக்‌ஷன்களை டேக் பெயரை (பதிப்புக்கு ஒட்டுகிற பெயர்ச்சீட்டை) நம்பிச் சேர்ப்பதையும் விட்டோம். 2025 மார்ச்சில் 23,000க்கும் மேற்பட்ட ரிப்போக்கள் பயன்படுத்திய ‘சேஞ்ச்டு ஃபைல்ஸ்’ என்ற ஆக்‌ஷனின் டேக்குகளை யாரோ கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட, ரகசியச் சாவிகள் லாக்கில் அச்சாகின. இப்போது கமிட்டின் முழு ஹாஷையும் (அந்தக் கமிட்டை மட்டுமே குறிக்கிற அடையாளக் குறியை) எழுதித்தான் சேர்க்கிறோம். பழைய லேப்டாப் ஒன்றை வீட்டிலேயே ரன்னராக வைத்துவிடலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். முகம் தெரியாதவர் அனுப்புகிற கோடு என் வீட்டு இயந்திரத்தில் ஓடும், வேண்டாம் என்றேன். கரண்ட் போவது தனிக் கதை.

டெஸ்ட் பாஸ் ஆவது இப்போது கட்டாயம். ஓடாவிட்டால் மெர்ஜ் ஆகாது. கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கிறது. பேட்ஜை எடுத்துவிட்டு, கடைசியாக ஓடிய தேதியைப் போட்டிருக்கிறோம்.

அந்த நிறுவனத்திடம் நான் போட்ட புகார் டிக்கெட் இன்னும் திறந்தே கிடக்கிறது. ராமநாதபுரத்தில் வங்கிக் கிளையில் கேட்டால், கார்டை நீங்களே கொடுத்திருக்கிறீர்களே என்கிறார்கள். இந்த மாதிரி டாலரில் பிடித்த காசை யாராவது திரும்ப வாங்கியிருந்தால், வங்கியில் என்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.