எட்டுப் பையன்கள், ஒரே பாத்ரூம்: ‘தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்’ சீரியலோடு சில வருடங்கள்

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2018 அக்டோபரில் தொடங்கி 2019 மே மாதத்தோடு முடிந்துபோன காமெடி சீரியல் இது. மொத்தமே ஒரு சீசன், 23 எபிசோட். விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ஓடி முடிந்தபோது பெரிதாக யாரும் பேசவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது எதைப் போடலாம் என்ற கேள்வி வந்தால், பல வருடமாக அதிகம் ஜெயிப்பது இதுதான்.

கதை 1970-களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் நடக்கிறது. கிளியரி என்ற ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா மைக், அம்மா பெக்கி, எட்டுப் பிள்ளைகள், எட்டும் ஆண். மூன்று படுக்கையறை, ஒரே ஒரு பாத்ரூம். நடுப்பிள்ளை டிம்மி பெரியவனான பிறகு சொல்வதுபோலக் கதை போகிறது. அந்தப் பின்னணிக் குரல் தொடரை உருவாக்கிய டிம் டாயிலுடையதேதான். அவர் தன் சொந்தப் பிள்ளைப்பருவத்தை வைத்து எழுதினார் என்பது பார்க்கும்போதே தெரியும். வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவருக்கு இத்தனை அற்பமான சண்டைகள் தோன்றாது.

முதல் எபிசோடிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். பாதிரியார் ஆவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த மூத்தவன் லாரன்ஸ் வீட்டுக்கு வந்து, நான் சாமியாராகப் போவதில்லை என்கிறான். குடும்பத்தில் ஒரு சாமியார் இருப்பது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய கௌரவம் என்று விளக்கவே வேண்டாம், அப்பா அம்மா முகமே சொல்லிவிடும். இன்னொரு பக்கம் டிம்மிக்கு நடிகனாக வேண்டும், மேடை நாடகத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். உங்களில் ஒருவனைத் தனியாகக் கொண்டாடுகிற அளவுக்கு நமக்கு வசதி கிடையாது என்கிற தொனியில் பெக்கி அதை ஒதுக்கிவிடுகிறாள். அங்கேதான் நான் இந்த சீரியலுக்கு விழுந்தேன். இதே இடத்தில் வேறு குடும்பத் தொடராக இருந்தால் அம்மா கண்கலங்கி, பின்னணியில் பியானோ வாசித்து, பையனைக் கட்டிப்பிடித்திருப்பாள். பெக்கி கைவேலையை நிறுத்துவதுகூட இல்லை.

மேரி மெக்கார்மக்கின் பெக்கிதான் இதன் உயிர். பாசம் இல்லாத அம்மா இல்லை. பாசத்தையும் எட்டுப் பேருக்குப் பங்கு போட்டுத்தான் தர வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் அம்மா. யாருக்காவது கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் மற்ற ஏழு பேரும் கவனித்துவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது அவளுடைய சிக்கனம் வெறும் சிரிப்பாக இருந்தது. அப்புறம்தான் மைக்கின் வேலை உறைத்தது. அவர் விண்வெளி, விமானத் தொழிலில் இருப்பவர். நிலவுப் பயணத் திட்டம் முடிவுக்கு வந்து, வியட்நாம் போர்ச் செலவும் குறைந்த அந்த வருடங்களில் தென் கலிஃபோர்னியாவில் அந்தத் துறையில் ஆட்குறைப்பு சாதாரணம். ஒரு சம்பளம், பத்து வயிறு. இது தெரிந்து பார்த்தால் பெக்கி ஒரு நாணயத்துக்குச் சண்டை போடும் இடம் வேறு மாதிரி தெரிகிறது. சிரிப்பும் குறைவதில்லை.

கத்தோலிக்கப் பின்னணியை அலங்காரமாக ஒட்டவைக்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்தது. காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறைகளைப் புதுப்பிக்க உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்து, லத்தீன் பூசை போய் ஆங்கிலப் பூசை வந்துவிட்டது. 1966-இல் அமெரிக்க ஆயர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனத்தைத் தவக்காலத்துக்கு வெளியே கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டார்கள். ஆனால் செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அழுத்திச் சொல்லிவிட்டார். ஒரு பக்கம் கதவு திறக்கிறது, மறுபக்கம் இறுகச் சாத்துகிறது. இந்தக் குழப்பத்துக்கு நடுவில் வளர்ந்தவன்தான் லாரன்ஸ். அவன் தலைமுடி வளர்த்துக்கொண்டு உலகத்தைத் திருத்தப் புறப்படுவதும், பழமையை விடாத மைக் அவனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதும் மறுபார்வையில்தான் ருசிக்கிறது. மைக்காக நடித்த மைக்கேல் கட்லிட்ஸை ‘தி வாக்கிங் டெட்’ தொடரில் துப்பாக்கியோடு பார்த்தவர்களுக்கு, இங்கே அவர் பிள்ளைகளிடம் தோற்றுப்போகும் முகம் நல்ல வேடிக்கை.

குறை இல்லாமல் இல்லை. பின்னணிக் குரல் சில எபிசோடுகளில் தேவைக்கு மேல் பேசுகிறது. காட்சியில் தெரிந்ததையே திரும்பச் சொல்லும்போது எனக்குச் சலிக்கிறது. எட்டுப் பேரில் எல்லோருக்கும் சமமான தீனி இல்லை. சதி போடும் ஜோயி, எல்லாவற்றையும் போட்டுக்கொடுக்கும் ஃபிராங்க், காதலியோடு திரியும் எடி மூவரும் மனதில் நிற்கிறார்கள். கடைக்குட்டிகள் பெரும்பாலும் கூட்டம் சேர்க்கத்தான். ஃபிராங்க் மட்டும் தனிக் கண்டுபிடிப்பு. பெரிய குடும்பத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் தங்கள் வீட்டு ஃபிராங்க் யார் என்று உடனே பெயர் சொல்வார்கள். எங்கள் அத்தை சொன்னது என் அப்பாவின் பெயரை.

சிரிப்புச் சத்தம் ஒட்டாத சீரியல் என்பதால் ராத்திரி சத்தம் குறைத்து வைத்தும் பார்க்கலாம். சப்டைட்டில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் பேசுகிற வீடு அது. சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால், பிள்ளைகளை அடிப்பேன் உதைப்பேன் என்று மிரட்டுவதெல்லாம் சாதாரணமாக இருந்த காலம் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி வரும்.

ஒரே சீசனில் நிறுத்தியது இன்னும் எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் பாதியில் தொங்கவிட்ட எரிச்சல் பெரிதாக வராது, ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் முடிகிற கதைதான். முதல் எபிசோடை மட்டும் தவறாமல் முதலில் பாருங்கள், லாரன்ஸ் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. மற்றவற்றை முன்பின்னாகப் பார்த்தாலும் பரவாயில்லை. தேடும்போது 2018 என்று சேர்த்துத் தேடுங்கள். கேட்க இதே பெயராக இருக்கும் 2010-ஆம் வருடப் படம் ஒன்று முன்னால் வந்து நிற்கும், அதற்கும் கிளியரி வீட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.