'பொலிபீனோல் 620' ஸ்டிக்கர் ஒட்டிய ஒலிவ் எண்ணெய்: திருகோணமலை மக்கள் கவனம்

திருகோணமலை டவுனில் 'ஹை பொலிபீனோல்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒலிவ் எண்ணெயை ஒரு கடையில் விற்கிறார்கள். பொலிபீனோல் என்பது ஒலிவில் இயற்கையாக இருக்கிற, உடலுக்கு நல்லது என்று சொல்லப்படுகிற சேர்வைகள். இருதய வருத்தக்காரர் இருக்கிற வீட்டு ஆட்களிடம்தான் இது அதிகம் தள்ளப்படுகிறது. எங்கள் அக்காவுக்கும் இப்படித்தான் தலையில் கட்டினார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

அத்தான் நெஞ்சுவலி வந்த பிறகு கிளினிக்குக்குப் போய் வருகிறவர். கடைக்காரர் அக்காவிடம் சொன்னது இது: "இதில பொலிபீனோல் 620 இருக்கு அக்கா. வெறும் வயித்தில ஒரு தேக்கரண்டி குடுங்கோ. கொஞ்ச நாளில கொலஸ்ட்ரோல் குளிசையே தேவைப்படாது." கூடவே ஒரு 'லேப் ரிப்போர்ட்' போட்டோ பிரதி. விலையோ சாதாரண போத்தலைப் போல மூன்று மடங்கு.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பகீரென்றது. 620 என்று இருக்கிறது, அலகு இல்லை. ஒரு கிலோ எண்ணெயில் 620 மில்லிகிராமா, ஒரு லீட்டரிலா, எதில்? எந்த முறையில் அளந்தார்கள் என்றும் இல்லை. மாதிரியின் பெயர் வெறும் 'ஒலிவ் ஒயில்'. அதிலுள்ள தொகுதி இலக்கம் ஒன்று, போத்தலில் அடித்திருப்பது வேறொன்று.

அளந்த முறை தெரியாவிட்டால் இந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை. பொலிபீனோல் என்பது ஒரே பொருளல்ல, பல சேர்வைகளின் கூட்டம். மெதனோலும் நீரும் கலந்த கரைப்பானால் அவற்றை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்துத்தான் அளக்க வேண்டும். மலிவான வழி போலின் சோதனை. ஒரு சோதனைப் பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும், அந்த நிறத்தின் செறிவை வைத்து மொத்தத் தொகையைக் கணிப்பார்கள். ஆனால் அந்தச் சோதனைப் பொருள் தாழ்த்தும் (இலத்திரன் கொடுக்கும்) தன்மையுள்ள வேறு பொருட்களோடும் தாக்கமடையும். விடையை எந்த ஒப்பீட்டுப் பொருளாக, கலிக் அமிலமாகவா கபேயிக் அமிலமாகவா, சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். சர்வதேச ஒலிவ் சபையின் முறை எச்.பி.எல்.சி. எனும் திரவ நிறப்பகுப்பு. அதில் சேர்வைகளைப் பிரித்து, 280 நானோமீற்றர் ஒளியில் அளந்து, டைரோசோல் என்ற சேர்வையை ஒப்பீடாக வைத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று விடை தருவார்கள். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் என்.எம்.ஆர் என்ற காந்தப்புலக் கருவி கொண்டு அளக்கும் முறையையும் உருவாக்கியிருக்கிறார்கள். ஒரே எண்ணெய்க்கு இந்த முறைகள் வேறு வேறு எண்களைத் தரும்.

சட்டப்படியான அளவுகோலும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 ஆம் ஆண்டு 432 ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, 20 கிராம் எண்ணெயில் ஹைட்ரொக்சிடைரோசோல் என்ற பொலிபீனோலும் அதன் வழிப்பொருட்களும் குறைந்தது 5 மில்லிகிராம் இருந்தால்தான் லேபலில் உடல்நலப் பயன் எழுதலாம். கிலோவுக்கு 250 மில்லிகிராம். அதிலும் அனுமதித்த வாசகம் இரத்தக் கொழுப்பை ஒட்சியேற்றத் தாக்கத்திலிருந்து காக்க உதவுகிறது என்பது மட்டும்தான். கொலஸ்ட்ரோல் குறையும் என்றோ குளிசை வேண்டாம் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பயனுக்குச் சொன்ன அளவு நாளுக்கு 20 கிராம். ஒரு தேக்கரண்டியில் ஐந்து கிராம்கூட வராது.

பிறகு அந்த ஸ்டிக்கர். ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. மெதுவாக உரித்துப் பார்த்தால் கீழே கம்பனியின் சொந்த லேபல், சின்ன ஆங்கில எழுத்தில்: சுத்திகரித்த ஒலிவ் எண்ணெயும் வேர்ஜின் ஒலிவ் எண்ணெயும் கலந்தது. சுத்திகரிக்காத முதல்தர எண்ணெயான எக்ஸ்ட்ரா வேர்ஜினே இல்லை! சுத்திகரிக்கும்போது பொலிபீனோலில் பெரும்பகுதி போய்விடும். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போதாக்குறைக்கு அது நிறமில்லாக் கண்ணாடிப் போத்தல், கடையில் வெயில் படுகிற முன் ராக்கையில் அடுக்கியிருக்கிறார்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் மிச்சத்தையும் குறைக்கும்.

ஒரு கரண்டி குடித்தும் பார்த்தேன். பொலிபீனோல் கூடிய புது எண்ணெய் நாக்கில் கசக்கும், தொண்டையில் சுரீரென்று பிடித்து இருமல் வரவைக்கும். அந்த எரிவுக்குக் காரணம் ஒலியோகாந்தால் என்ற சேர்வை. தொண்டை எரிவை வைத்து அளவு சொல்ல முடியாதுதான். ஆனால் இந்த எண்ணெயில் கசப்புமில்லை, எரிவுமில்லை, வழுவழு என்று இறங்கியது.

திருப்பிக் கொடுக்கப் போனோம். "திறந்த போத்தல் எடுக்கமாட்டம்" என்றார். ஸ்டிக்கரைக் காட்டினால், "அது கொழும்பிலயிருந்து அப்பிடியேதான் வருது" என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார், கடையின் பெயர்கூட இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு சொல்லியிருக்கிறோம், எங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுத்திருக்கிறோம்.

இதே ஸ்டிக்கரோடு வாங்கியவர்கள் போத்தலை எறிய வேண்டாம். ஸ்டிக்கர், தொகுதி இலக்கம், அவர்கள் தந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து 1977 க்கு அழையுங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் அறுவடைத் திகதி, தொகுதி இலக்கம், அளந்த முறை, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

அத்தான் இரண்டு கிழமை குளிசையை நிறுத்திவிட்டிருந்தது பிறகுதான் தெரிய வந்தது. உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், டொக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பேச்சை நம்பி மருந்தை விட்டிருந்தால் இன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள்.