இயல்களை அடுக்கும் சுருக்கமா, முடிவைச் சொல்லும் சுருக்கமா?

அண்ணன் மகள் ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓட்டைப் பற்றிய ஆய்வேட்டை முடித்துவிட்டாள். போன வாரம் காரைக்குடி வீட்டுக்கு ஆய்வுச் சுருக்கத்தின் இரண்டு வரைவுகளோடு வந்தாள். "எதைக் கொடுக்கட்டும் சித்தப்பா?"

முதல் வரைவு: "இவ்வாய்வேடு ஐந்து இயல்களைக் கொண்டது. முதல் இயல் வட்டார வரலாற்றை விளக்குகிறது. இரண்டாம் இயல் கல் செய்முறையை ஆராய்கிறது..." இது விவரிப்புச் சுருக்கம். எழுதச் சுலபம், தவறு வராது. ஆனால் படித்து முடித்தாலும் அவள் என்ன கண்டாள் என்று தெரியாது. பொருளடக்கமே இதைச் சொல்லிவிடுமே!

இரண்டாவது: "ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறக்கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு வார்த்து, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்தே வருகிறது. பட்டறைகளில் உடனிருந்து பார்த்தபோது..." இது தகவல் சுருக்கம். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் பின்வாசல் வரை தெரியுமே, அப்படி.

என் ஓட்டு இதற்குத்தான். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடு தேடுபவர் இருநூறு பக்கத்தையும் புரட்டப் போவதில்லை. சுருக்கத்தில் முடிவு இல்லையென்றால் அடுத்த ஆய்வேட்டுக்குப் போய்விடுவார். அவளுடைய மூன்று வருட உழைப்பு அப்படிக் கண்ணில் படாமல் போவதில் எனக்கு விருப்பமில்லை.

விவரிப்புச் சுருக்கத்துக்கும் இடம் உண்டு. ஆய்வு முன்மொழிவு கொடுக்கும்போது முடிவே கையில் இருக்காது. அங்கே அதுதான் சரி.

பின்னணி, நோக்கம், முறை, முடிவு என்று தலைப்பிட்டு எழுதும் மூன்றாவது வகை 1987 முதல் மருத்துவ இதழ்களில் பரவியது. அளவீடுகளோடு வேலை செய்யும் சிக்ரி (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வாளர்களுக்கு அது பொருந்தும். கைவினை ஆய்வுக்குத் தலைப்புகள் உறுத்தும். அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 250 சொல் என்றால் பின்னணிக்கு இரண்டே வாக்கியம். பாதி இடம் முடிவுக்கு. மேற்கோள் வேண்டாம். கடைசி இயலை எழுதிய பிறகே இதை எழுத வேண்டும்.

அப்புறம், இரண்டாவது வரைவின் இறுதியில் "முடிவுகள் இறுதி இயலில் விவாதிக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி இருந்தது. முதல் வரைவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அடித்துவிட்டு, அந்த இயலில் இருந்த கடைசி முடிவையே அங்கே எழுதினாள்.