பாலாற்றுக்கு எந்த அறம் பொருந்தும்?

இயற்கையிடம் மனிதருக்குள்ள கடமை என்ன என்று ஆராயும் சுற்றுச்சூழல் அறவியலின் கொள்கைகளை, தோல் தொழிற்சாலைக் கழிவால் மாசுபட்ட வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பாலாற்றங்கரையில் வைத்துச் சோதித்தால், எது எதுவரை தாங்கும் என்பது விளங்கிவிடும்.

மனித மைய நோக்கில், ஆற்றின் மதிப்பு அது மனிதருக்குத் தரும் பயனில்தான் இருக்கிறது. இது குறுகலாகத் தோன்றினாலும், இப்பகுதி உழவர்களின் கைக்கு வந்த நீதியில் பெரும்பங்கு இந்த வாதத்தால் வந்ததே. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைச் சுட்டிக்காட்டி, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதையும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்கும் முன்னெச்சரிக்கை நெறியையும் நாட்டின் சட்டமாகவே ஏற்றது. ஆனால் கேட்க ஆளில்லாத சேதம் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போன குடும்பத்தோடு கோரிக்கையும் போய்விடுகிறது; கிணற்று உப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி பால் டெய்லர் 1986இல் விரித்துரைத்த உயிர் மைய நோக்கு, ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென ஒரு நலன் உண்டு என்கிறது. செத்து மிதக்கும் மீனுக்காக அது வாதாடும். உயிரற்ற மணலுக்கும் நிலத்தடி நீருக்கும் நேரடியாகச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

மண், நீர், செடி, விலங்கு அனைத்தையும் ஒரே சமூகமாகக் கொள்ளும், அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நில அறம் (1949) இங்கேதான் வலுப்பெறுகிறது. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்குகிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பிரித்தெடுத்துவிடலாம். கரைந்த உப்போ வழக்கமான சுத்திகரிப்பில் போகாது. எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) முறையில் நீரைப் பிரித்து, எஞ்சியதை ஆவியாக்கினாலும் உப்பு குவியலாகக் கையில் நிற்கும். வெளியேறும் நீர் மனிதருக்குத் தீங்கா என்று கேட்பதோடு மனித மைய நோக்கு நின்றுவிடலாம். அந்த உப்பு கடைசியில் எந்த மண்ணில் போய்ச் சேரும் என்று நில அறம் கேட்கிறது. மணலும் அப்படித்தான்: லாரிக்காரருக்கு அது சரக்கு, ஆற்றுக்கோ ஊற்றையும் கிணற்றையும் வாழவைக்கும் உறுப்பு.

நார்வே தத்துவவாதி ஆர்னே நேஸ் 1973இல் முன்வைத்த ஆழ்நிலைச் சூழலியல், மனிதருக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் இயற்கைக்கு மதிப்பு உண்டு என்பது; அது இன்னும் கடுமையானது. அது அமெரிக்கக் காட்டுப் பாதுகாப்பு மரபோடு கலந்து ஏழை நாடுகளுக்கு வரும்போது ஏழைகளையே வதைக்கும் என்று இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் கண்டித்தார். அந்தக் கண்டனம் இங்கு முற்றிலும் பொருந்தும். தென்னந்தோப்பு கருகிய வீட்டிலிருந்தே ஒரு பெண் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். தோல் ஷாப்புகளை (தோல் பதனிடும் ஆலைகளை) ஒரேயடியாக மூடச் சொல்லும் அறம் அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

ஆகவே இலக்கை நில அறத்திலிருந்தும், வழியை மாசுபடுத்தியவர் ஈடுகட்டும் நெறியிலிருந்தும் எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. இழப்பீட்டோடு சீரழிந்த சூழலை மீட்கும் செலவும் மாசுபடுத்தியவர் பொறுப்பே என்று 1996 தீர்ப்பே சொல்கிறது. பாலாற்று மாசு 2025 ஜனவரியில் மீண்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வந்தபோதும், சூழலை மீட்கும் அந்த இரண்டாம் பாதி நிறைவேறாமலே கிடந்தது.