வைரத்தோடு வாங்குகிறவர்களுக்கு: கல்லைக் கடை விளக்குக்கு வெளியே கொண்டுவந்து பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமிருந்து கல்யாண நகை எடுக்கக் கோயம்புத்தூர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். ஏழுகல் தோட்டில் எங்கள் குடும்பத்தை ஒரு கடை ஏமாற்றியது. கொடுத்தது போலிக் கல் அல்ல, உண்மையான வைரம்தான். மோசமாக வெட்டிய வைரத்தை முதல்தரக் கல்லின் விலைக்குத் தலையில் கட்டினார்கள். போலியை ஒரு கருவியில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்; இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அண்ணன் மகளுக்காக அண்ணியும் நானும் போயிருந்தோம். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: "கல் நன்றாக மின்ன வேண்டும்." விற்பனையாளர் சளைக்காமல் பேசினார். "ஈ எஃப் கலர், விவிஎஸ் கல் அக்கா. புளூ ஜாகர், பெல்ஜியம் கட்டிங். இதற்கு மேல் மின்னுகிற கல் எங்கும் கிடைக்காது."

இந்தப் பேச்சை நிறுத்திப் பாருங்கள். கலர் என்பது கல்லில் மஞ்சள் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வது. விவிஎஸ் என்பது உள்ளே புள்ளியும் கீற்றும் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வது. புளூ ஜாகர் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. இவற்றில் எதுவும் கல்லை மின்ன வைக்காது. மின்ன வைப்பது வெட்டு. அதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பெல்ஜியம் என்ற ஒரு நாட்டின் பெயர் மட்டுமே.

மேலிருந்து நுழையும் ஒளி, கல்லின் அடிப்பக்கத்துப் பட்டைகளில் பட்டு மறுபடி மேலே வந்தால்தான் கண்ணுக்கு மினுக்கம் தெரியும். பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து படும் ஒளி முழுவதும் திரும்பும். அதற்குக் குறைந்தால் பெரும்பகுதி அடிவழியே வெளியேறிவிடும். வட்டக் கல்லுக்கு அடிச்சாய்வு 40.75 டிகிரி, மேற்சாய்வு 34.5 டிகிரி என்று வைரம் வெட்டும் குடும்பத்தில் வந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டார். இன்றைய நல்ல கற்களும் அதையொட்டியே வெட்டப்படுகின்றன. அடிப்பாகம் மிகத் தட்டையாகப் போனால் விளிம்பின் பிம்பம் சாம்பல் வளையமாக உள்ளே தெரியும். மிக ஆழமாகப் போனால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நடுவில் இருட்டு நிற்கும். தெரிந்தே ஏன் தட்டையாக வெட்டுகிறார்கள்? அதே சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு) எடையில் கல்லின் முகம் அகலமாகத் தெரியும், "பெரிய கல்" என்று விற்கலாம் என்பதற்காகத்தான்.

எங்கள் தோட்டில் இருந்தது அந்தத் தட்டைக் கல். பின்பக்கம் தகடு வைத்து மூடிய குளோஸ் செட்டிங் என்பதால் அடிப்பாகத்தைப் பார்க்க வழியில்லை. கடைக்குள் கூரை முழுவதும் சின்னச் சின்னக் கூர்விளக்குகள். அந்த வெளிச்சத்தில் அமெரிக்கன் டைமண்ட் என்கிற செயற்கைக் கல்கூடப் பளீரென்று மின்னும். வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தபோது பதினான்கு கல்லும் மங்கிக் கிடந்தன. கடைக்குப் போன் செய்தோம். எண்ணெய்ப் பசை ஏறியிருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள் என்றார்கள். எண்ணெய் படிந்தால் வைரம் மங்கும் என்பது உண்மைதான். கழுவினோம். சாம்பல் வளையம் அப்படியே இருந்தது.

எங்கள் ஊர்ப் பத்தர் லூப் (நகை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். பின்தகட்டைப் பிரித்துப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு அவர் மறுத்தார். "பிரித்தால், நீங்கள்தான் கல்லை மாற்றிவிட்டீர்கள் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். தொடாமல் கொண்டு போங்கள்." அந்த மனிதருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடையில் மேலாளர் ஹால்மார்க் முத்திரையை எடுத்துக் காட்டினார். அந்த முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான். வைரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தோட்டுடன் வந்த அட்டையிலும் மொத்த எடை, கலர், தெளிவு மட்டுமே இருந்தன. வெட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் செய்கூலி, சேதாரம் கழித்து, கல் மதிப்பிலும் வெட்டிக்கொண்டுதான் தருவார்களாம். கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "நீங்கள் கேரளா. வழக்கென்றால் இங்கே வந்து அலைய வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள்."

அது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாங்கள் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறோம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. எல்லை தாண்டி வாங்குகிற எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நம்மை வாயடைக்கச் செய்ய எல்லைக் கோட்டைக் காட்டுகிறார்கள்.

வாங்கும்போதே செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டை வாசல் நிழலுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். நேர் வெயில் வேண்டாம். அதில் நல்ல வைரமும் கறுத்துத் தெரியும். நிழலில் இரண்டு மூன்று ஜோடிகளை அடுத்தடுத்து வைத்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். வெட்டு நன்றாக இருந்தால் நடு முதல் விளிம்பு வரை வெளிச்சமும் நிழலும் மாறி மாறி ஓடும். வெளியே கொண்டுபோக விடமாட்டோம் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். முடிந்தவரை பின்பக்கம் திறந்த செட்டிங் கேளுங்கள். பெரிய ஒற்றைக்கல் என்றால் ஜிஐஏ போன்ற ஆய்வகச் சான்றிதழில் வெட்டுத்தரம் 'எக்ஸலென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். சான்றிதழ் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் பெரும்பாலும் இருக்காது. அதனால் வாயால் சொன்ன வெட்டுத்தரத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தங்க எடையில் கல்லின் எடை சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு காரட் கல் 0.2 கிராம்.

ஏற்கெனவே இப்படி வாங்கி ஏமாந்தவர்கள் பில், அட்டை, பெட்டி எதையும் தூக்கிப் போடாதீர்கள், கல்லையும் பிரிக்காதீர்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.