பான் பிரிபினாவைத் தேடி ஸ்பிளிட் அருங்காட்சியகத்துக்கு

குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகருக்குப் போகிறவர்களில் பலர் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கே, மர்யான் குன்றுப் பக்கமாக நடந்தால் குரோவேஷியத் தொல்லியல் சின்னங்களின் அருங்காட்சியகம் வரும். அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

நான் போனது பிரிபினா என்ற ஒரே ஒரு ஆளுக்காக. 10ஆம் நூற்றாண்டில் குரோவேஷியாவில் பானாக, அதாவது அரசருக்குக் கீழே ஆளுநராக, இருந்தவர். (அன்று காலை ஊரைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி பான் என்றாலே அரசர்தான் என்று சொன்னார், அது தவறு.) பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் எழுதிவைத்த ஓரிரு வரியில்தான் இவர் உயிரோடு இருக்கிறார்: நான்கு ஆண்டு ஆண்ட மிரோஸ்லாவை பான் பிரிபினா கொன்றார், நாட்டில் பிளவு வந்தது, குதிரைப்படையும் காலாட்படையும் குறைந்துபோயின. ஏன் கொன்றார், அப்புறம் என்ன ஆனார், ஒரு சொல் கிடையாது. கிர்பாவா, லிகா, காட்ஸ்கா என்ற மூன்று வட்டாரங்கள் பானின் கையில் இருந்தன என்றும் அதே பேரரசர் எழுதுகிறார். அவ்வளவு நிலம் கையில் இருந்த ஆள் அரசனையே வீழ்த்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, அருங்காட்சியகத்தில் அவர் இருக்கிறாரா? பெயர் பொறித்த கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அவர் காலத்துக்கு முன்னும் பின்னும் குரோவேஷியாவை ஆண்டவர்கள் கல்லில் இருக்கிறார்கள். உஸ்டோல்யேயில் கிடைத்த முன்சிமிரின் கல்வெட்டில் 895 என்ற ஆண்டே லத்தீன் சொற்களில் வெட்டப்பட்டிருக்கிறது. க்னின் அருகே கபிதுலில் கிடைத்த பலகையில் டிர்ஷிஸ்லாவின் பெயர், அவர் 969க்குப் பிறகு ஆண்டவர். அந்தப் பலகைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். முப்புரி நூல் போல மூன்று மூன்று கோடுகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி முடிச்சாகப் பின்னிய வேலைப்பாடு. ஒரு இழையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனால் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று தொலைத்துவிடுவீர்கள், நான் மூன்று தடவை தொலைத்தேன்.

பிஸ்குபியா கல்லறைகளில் எடுத்த தங்க முலாம் பூசிய குதிமுட்களையும் (குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டுபவை) விட்டுவிடாதீர்கள். பிரிபினா காலத்துக்கு முந்தையவைதான், ஆனாலும் குதிரையேறிய ஒரு குரோவேஷியப் பிரபுவின் காலில் என்ன இருந்தது என்பது அங்கேதான் புரிந்தது.

முன்கூட்டியே அரசர்களின் வரிசையைப் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் எல்லாம் வெறும் கற்களாகத் தெரியும். முன்சிமிரின் கல்லைப் பார்த்ததும் நேராக டிர்ஷிஸ்லாவின் பலகைக்குப் போங்கள், பிரிபினாவின் காலம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.