கிளிமஞ்சாரோவில் யானை காட்டுகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கிளிமஞ்சாரோ ஏற நினைப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன பிப்ரவரியில் நானும் தம்பியும் போனோம். தான்சானியாவில் மலையடிவார ஊரான மோஷியில் இருக்கும் ஒரு ஏஜென்ட், மலையேற்றக் கட்டணம் போக 'வனவிலங்கு பேக்கேஜ்' என்று ஆளுக்கு 180 டாலர் கூடுதலாக வாங்கினார். லெமோஷோ பாதை, விலங்குகளை நன்கு அறிந்த கைடு, கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் என்பது பேச்சு. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படத்தில் முன்னால் யானைக் கூட்டம், பின்னால் பனி மூடிய சிகரம். அதைப் பார்த்துத்தான் தம்பி சரி என்றான். அப்படிப்பட்ட படங்களைப் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், கென்யாவின் அம்போசெலி சமவெளியில் எடுக்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

கிளம்பும் முந்தின இரவு ஓட்டலுக்கு வந்து, "லெமோஷோ பக்கம் மழையில் ரோடு போய்விட்டது, மராங்கு வழியாகப் போங்கள்" என்றார். நம்பினோம். இறங்கி வந்து ஓய்வில் இருந்தபோது அதே ஓட்டலுக்கு ஒரு குழு வந்தது. நாங்கள் கிளம்பிய அதே நாளில் லெமோஷோவில் ஏறியவர்கள்! அந்தப் பாதையில் வரும் ஷீரா பீடபூமியில் தூரத்தில் ஈலண்ட் மான்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

எங்கள் கைடுக்கு அந்த 180 டாலர் பற்றி எதுவுமே தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மலையில் எல்லா கைடுகளும் 'போலே போலே', மெதுவாக மெதுவாக என்பார்கள். இவர் முதல் நாள் முழுக்க 'ஹராக்கா' என்று விரட்டினார். விலங்குகளைப் பார்க்க நல்ல இடமே அந்த முதல் நாள் காடுதான். 2,720 மீட்டரில் இருக்கும் மந்தாரா குடிலுக்குச் சற்றுக் கீழே, தலைக்கு மேல் ஒரு கொலோபஸ் குரங்கு. கருத்த உடம்பு, இரு பக்கமும் சரிந்த வெள்ளை முடி, சாமரம் போலத் தொங்கும் வால். கட்டைவிரல் இல்லாத கையால் இலைக்கொத்தை வளைத்து இழுத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றது. கைடு அரை நிமிடம்கூட நிற்க விடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

குடிலருகே சமையல்காரர் நீலக்குரங்குக்கு பிஸ்கட் போட்டார். பூங்காவில் விலங்குக்குத் தீனி போடக் கூடாது, சொன்னேன், சிரித்தார். 3,720 மீட்டரில் ஹொரோம்போ குடிலில் கோடு போட்ட சுண்டெலிகள் காலுக்கிடையில் ஓடின. பிடரியில் வெள்ளைத் திட்டுள்ள அண்டங்காக்கை ஒன்று தம்பியின் பையைத் திறந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போனது. கிபோ குடில் பக்கம் கல்லும் புழுதியும்தான்.

ஏஜென்டிடம் போனில் கேட்டால், "உச்சியிலேயே சிறுத்தை உண்டு" என்கிறார். 1926இல் உச்சிக்கருகே உறைந்து கிடந்த ஒரு சிறுத்தையை வைத்து இன்றைக்கும் வியாபாரம்!

லெமோஷோவில்கூட யானை, எருமை கண்ணில் படுவது அதிர்ஷ்டம். அதற்குத் தனிப் பணம் தராதீர்கள். எந்தப் பாதை, எந்த வாசல் (லெமோஷோ என்றால் லோண்டோரோசி) என்று எழுத்தில் வாங்குங்கள். பாதை மாறினால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அந்த வாசலில் நின்று கொடுங்கள். முதல் நாள் காட்டில் நின்று நின்று போக வேண்டும் என்று கைடிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள்.

"விலங்கு வரவில்லை என்றால் நான் என்ன செய்வது?" என்பது ஏஜென்டின் கடைசி பதில். நான் கேட்டது விலங்கை அல்ல, சொன்ன பாதையை. அதன் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.